உழைச்செல்வான் யார்?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இந்த விழாவில் பேசுவதற்கு எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் ‘தமிழ்க் கவிதையில் தாய்மை’. எளிய தலைப்புத்தானே என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். குறிப்பெடுக்க அமர்ந்தபோது ஒரு செய்தி குறுக்கே வந்து நின்றது. நம் வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாதந்தோறும் வந்து கவிதை படித்த சகோதரி ஒருவர் இருந்தார். மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவர் வரவில்லை. அண்மையில் சந்தைக்கு அருகே அவரைக் கண்டு, “ஏம்மா, எழுதுவதை விட்டுவிட்டீர்களா?” என்று கேட்டேன். “விடவில்லை அண்ணா. இரவு பதினொரு மணிக்குத்தான் கை காலியாகிறது. அதற்குள் சொல்லெல்லாம் தூங்கிப்போய்விடுகிறது” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்களுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து நம் வட்டம் வெளியிட்ட தொகுப்புகளைப் புரட்டினேன். தாயைப் பற்றிய கவிதைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்று நான் எழுதியது. அதில் தாயை மெழுகுவர்த்தி என்றிருக்கிறேன். மெழுகுவர்த்திக்குக் களைப்பு வராது. அந்த உவமையில் நமக்குள்ள வசதி அதுதான். ஆகவே தலைப்பைச் சற்றே மாற்றிக்கொள்ள அவையின் இசைவை வேண்டுகிறேன். தாய்மையைப் பற்றிப் பேசாமல், பிள்ளை வளர்ப்போரின் களைப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தந்தையரையும் சேர்த்தே சொல்கிறேன்.

கவிஞர்கள் கூடிய அவை என்பதால் முதலில் சொற்களைப் பார்ப்போம். களைப்பு, அயர்வு, சோர்வு, இளைப்பு, அலுப்பு, சலிப்பு என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! ஒன்றுக்கு ஒன்று பொருள் என்று அகராதி காட்டினாலும் வழக்கில் அப்படியில்லை. நாற்று நட்டு வந்தவளுக்கு இருப்பது களைப்பு. படுத்து எழுந்தால் போய்விடும். நெடும்பயணம் போய் வந்தவருக்கு அலுப்பு. வெந்நீரில் குளித்தால் தீரும். சலிப்பு இப்படியெல்லாம் தீர்வதில்லை. விரும்பிச் செய்துவந்த ஒன்றின் மீதே விருப்பம் விட்டுப்போகும் நிலை அது. இவ்வளவு நுட்பமான சொற்களை வைத்துக்கொண்டு இக்காலத்தில் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் இட்டு நிரப்புகிறோம். ஆங்கிலத்தார் ஸ்ட்ரெஸ் என்று சொல்லும் நெருக்கடிக்கும் அதுவே, டிப்ரஷன் என்னும் நோய்க்கும் அதுவே. இந்தக் குழப்பத்தால் வரும் தீங்கைப் பின்னால் சொல்கிறேன்.

நம் இலக்கியம் இந்தக் களைப்பை அறியாதது அன்று. பெரியாழ்வார் திருமொழியின் முதற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணன் பிறந்துவிட்டான், ஆயர்பாடியே எண்ணெயும் மஞ்சள் சுண்ணமுமாகக் குழைந்து கிடக்கிறது, ஆடுவாரும் பாடுவாருமாக ஒரே ஆரவாரம். அந்தக் கொண்டாட்டத்தைப் பாடும் முதல் திருமொழி முடிவதற்குள்ளாகவே யசோதையின் குரல் கேட்கிறது. பிள்ளையைத் தொட்டிலில் விட்டாலும் தொல்லை, இடுப்பில் வைத்தாலும் தொல்லை, மார்போடு சேர்த்துக்கொண்டாலும் தொல்லை. தனக்கு உடம்பில் வலுவில்லை, இளைத்தே போனேன் என்கிறாள். தெய்வத்தைப் பெற்றவளுக்கும் இடுப்பு வலிக்கும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பாடியிருக்கிறார். பாடியவர் ஆண் என்பதையும், துளசி வனத்தில் கண்டெடுத்த பெண் குழந்தையை வளர்த்தவர் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்வதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் பாசுரத்தில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. யசோதை இதை யாரிடம் சொல்கிறாள்? எதிரே நிற்கும் இன்னொரு பெண்ணை விளித்துச் சொல்கிறாள். கேட்பதற்கு ஒரு செவி அங்கே இருக்கிறது. நம் மெழுகுவர்த்திக் கவிதைகளில் அந்தச் செவி இல்லை. அவற்றில் தாய் பேசுவதே இல்லை, மகன்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய பாட்டு ஒன்று உண்டு, 164ஆம் பாட்டு. சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் முளைத்திருக்கிறது. பாலில்லாத மார்பைச் சுவைத்துப் பார்த்த குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் கணவனின் முகத்தைப் பார்க்கிறாள். அவர் வீட்டைவிட்டு இறங்கி நடக்கிறார். களைத்துப்போன ஒரு தந்தையின் கவிதையாகவே இதை நான் படிக்கிறேன். அந்த வீட்டுக்குப் போய் மனத்தை ஒருநிலைப்படுத்தச் சொல்லி யாரும் வகுப்பு நடத்தியிருக்க முடியாது. அங்கே தேவைப்பட்டது அரிசி.

ஏட்டிலக்கியத்தை விட்டு நாட்டுப்பாடலுக்கு வந்தால் செய்தி இன்னும் வெளிப்படை. நா. வானமாமலை, கி. வா. ஜகந்நாதன் முதலியோர் தொகுத்தளித்த தாலாட்டுகளைப் படித்துப் பாருங்கள். அழும் குழந்தையிடம் அடித்தது யாரென்று கேட்டுக்கொண்டே தாய் உறவினர்களை ஒவ்வொருவராகப் பாட்டுக்குள் இழுப்பாள். மாமன் சீர் கொண்டுவருவதை விரித்துப் பாடுவாள்; புகுந்த வீட்டாருக்குக் கேட்கட்டும் என்றுதான் அந்த விரிவு. மூன்று மாதக் குழந்தைக்கு மாமன் வீட்டுச் சீரைப் பற்றி என்ன தெரியும்? தாலாட்டில் பாதி குழந்தைக்கு. மறுபாதி திண்ணையில் இருப்பவர்களுக்கு. நேரில் சொல்ல முடியாததைத் தொட்டிலின் மறைவில் நின்று அவள் சொல்லிவிடுகிறாள். இழுத்துப் பாடும் அந்த ராகத்தில் அவள் மூச்சும் நீண்டு சீராகிறது. மூச்சை மெல்ல நீட்டி வெளிவிட்டால் உடலின் படபடப்பு அடங்கும் என்று இன்று பயிற்சிக் கூடங்களில் சொல்லித் தருகிறார்கள். நம் பாட்டிமார் அதைத் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே செய்தார்கள்.

இதைக் கேட்டு, பழைய காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. இங்கே ஆய்வாளர்கள் கண்டவற்றைச் சொல்லியாக வேண்டும்.

வேலையில் எரிந்து தீர்ந்துபோகும் நிலைக்கு ‘பர்ன்அவுட்’ என்று 1974இல் பெயரிட்டு எழுதியவர் நியூயார்க்கின் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். பெற்றோருக்கும் அது உண்டு என்று பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் என்னும் இரு பேராசிரியைகள் விரிவாக ஆராய்ந்தார்கள். அவர்கள் காட்டும் அடையாளங்கள் நான்கு. பிள்ளை வளர்ப்பை நினைத்தாலே வரும் களைப்பு ஒன்று. ‘நான் இப்படிப்பட்டவளாக இருந்ததில்லையே’ என்று தன் பழைய நிலையோடு ஒப்பிட்டு நொந்துகொள்வது இன்னொன்று. போதும் போதும் என்னும் சலிப்பு மூன்றாவது. கடைசியாக, சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நடக்கும். மனம் மட்டும் பிள்ளையிடமிருந்து விலகி நிற்கும். இந்த நான்கிற்கும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் கவிதையில் சொன்னவர்கள்தான் குறைவு.

42 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பெற்றோரிடம் நடந்த அவர்களுடைய ஆய்வு 2021இல் வெளிவந்தது. தனிமனிதப் போக்கு மிகுந்த சமூகங்களில் இந்தச் சோர்வு மிகுதி என்பது அதன் முடிவு. உடனே நாம், “பார்த்தீர்களா, நம் கூட்டுக்குடும்பத்தின் பெருமையை!” என்று சொல்லிவிடுவோம். அதற்கு முன் வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரத்திற்குப் போய்வர வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அந்த ஊர்ப்புறத்தில் 359 கருவுற்ற பெண்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். காரணங்களாக அவர்கள் கண்டவை எவை தெரியுமா? குறைந்த வருமானம், மகன் வேண்டுமென்றிருந்த இடத்தில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கருவுற்றிருந்தபோது நேர்ந்த இடர்கள், உடலுழைப்பில் கைகொடுக்க ஆளில்லாமை.

கணியம்பாடி ஊர்ப்புறம். உறவுகள் சூழ்ந்த வாழ்க்கை. அங்கேயும் கைகொடுக்க ஆளில்லை என்கிறார்கள். வீட்டில் ஆள் இருப்பது வேறு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும் கை இருப்பது வேறு என்பது அந்த ஆய்வைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மகள் பிறந்ததே காரணமாகிறது என்பதைக் கேட்டு வேலூரைப் பார்த்து நாம் வியக்க வேண்டியதில்லை. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். அந்தத் தொட்டிலில் குழந்தையை வைத்துவிட்டுப் போன தாயைப் பற்றி நம்மில் யாராவது எழுதியிருக்கிறோமா? கல்நெஞ்சக்காரி என்று இரண்டொருவர் எழுதினோம்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளை நினைவுபடுத்துகிறேன். மருத்துவம் என்பதை வள்ளுவர் நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் யாரும் எண்ணக்கூடியவை. நான்காவதாக அவர் வைப்பது உழைச்செல்வான். அதாவது பக்கத்தில் இருந்து வேண்டியதைச் செய்பவன். முழுமையான மருத்துவம் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். உணவு, உறக்கம், மூச்சு, எண்ணெய், மூலிகை, தியானம் எனப் பட்டியல் நீளும். அந்தப் பட்டியல்களில் உழைச்செல்வானைத்தான் காணோம். களைத்த தாயிடம், “நாள்தோறும் அரைமணி நேரம் தியானம் செய்யம்மா” என்று சொல்கிறோம். அந்த அரைமணி நேரம் குழந்தையை யார் வைத்திருப்பது?

நம் பழைய பேறுகால முறையில் இந்த நான்காம் கூறு இருந்தது. முதற்பேற்றுக்குத் தாய்வீடு. குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டப் பழகிய கை ஒன்று. தாய்க்கு எண்ணெய், வெந்நீர், பேறுகால மருந்து, பத்தியச் சமையல். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புவது. மருந்தின் குணத்தை மருத்துவர்கள் சொல்லட்டும். இரவில் வேறொருத்தி எழுந்துகொண்டாள் என்பதே அந்த முறையின் பெரும்பயன் என்பது என் கருத்து. குறை என்னவென்றால், தந்தைக்கு அதில் வேலையே இல்லை. ஐந்தாம் மாதம் வரை அவர் விருந்தினர். பிறகும் பலர் விருந்தினராகவே இருந்துவிட்டோம். குசேலருக்கு இருபத்தேழு பிள்ளைகள் என்று சொல்லிச் சிரிப்போம். அந்த இருபத்தேழு பேருக்கும் கஞ்சி ஊற்றியவளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

நம் ஊரின் நிலையையும் சொல்ல வேண்டும். அணையும் அனல்மின் நிலையமும் ஆலைகளும் கொண்ட ஊர் இது. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று நாள் மூன்றாக வெட்டுண்ட ஊர். ஜலகண்டாபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே தூளி கட்டியிருப்பார்கள். சத்தம் நின்றால்தான் குழந்தை விழித்துக்கொள்ளும். நானும் ஷிப்டு வேலை பார்த்தவன். இரவு ஷிப்டு வாரங்களில் காலையில் வந்து படுத்தால் பிற்பகல் இரண்டு மணி வரை உறங்குவேன். எங்களுடையது ஒற்றை அறை வீடு. இரண்டு பிள்ளைகள். ‘அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே’ என்று அடக்கி அடக்கியே என் மனைவி அந்தப் பகல்களைக் கழித்தாள். மழைக்காலத்தில் வெளியே கூட்டிப்போகவும் முடியாது. என் உறக்கத்தைக் காத்தவள் எப்போது உறங்கினாள் என்று அன்று நான் கேட்கவில்லை. அந்தப் பகல்களில் ஒன்றில் எழுந்து உட்கார்ந்து எழுதியதுதான் மெழுகுவர்த்திக் கவிதை. அவளிடம் படித்துக் காட்டினேன். “நல்லாயிருக்குங்க” என்றாள். பிறகு, “சின்னவனைக் கொஞ்சம் பிடியுங்கள், நான் குளித்துவிட்டு வந்துவிடுகிறேன்” என்றாள்.

மேட்டூரில் பேசுகிறவன் அணையை உவமையாக்காமல் இறங்கமாட்டான் என்று நீங்கள் கேலி செய்வீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1934இல் திறக்கப்பட்ட நம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. சுவரை எழுப்பியவர்கள் அத்தோடு நிற்காமல் எல்லிஸ் மேட்டில் பதினாறு கண் மதகையும் கட்டினார்கள். மிகை நீர் வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். குடும்பங்களைக் கட்டுகிற நாம் அப்படியொரு மிகைநீர் வழியை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனிச் சில நடைமுறைகள். எண்ணெய்க் குளியலையும் மூச்சுப்பயிற்சியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, உழைக்கும் மக்கள் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய உடற்பயிற்சிகளை வகுத்தார். அவரிடம் நான் பெரிதும் மதிப்பது இன்னொன்று. தம் மனைவி லோகாம்பாள் பிறந்த ஆகஸ்டு 30ஆம் நாளை மனைவி நல வேட்பு நாள் என்று வைத்தார். கணவன் மனைவியைப் பார்த்து வெளிப்படையாக நன்றி சொல்லவேண்டிய நாள். ஆண்டுக்கு ஒரு நாள் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. ஆனால் அந்த ஒரு நாளிலும் வாய் திறவாதவர்கள் நம்மில் உண்டு.

உறக்கத்தைப் பங்கிட்டுக்கொள்வது எல்லாப் பயிற்சிக்கும் முந்தியது. இடையறாத நான்கு மணி நேர உறக்கம் இருவருக்கும் கிடைக்கும்படி இரவைப் பிரித்துக்கொள்ளலாம். ஆலையில் ஷிப்டு பிரிக்கத் தெரிந்த நமக்கு வீட்டில் பிரிக்கத் தெரியாதா? சமையலில் ஒருவேளையைச் சுருக்கலாம். அரசும் உழைச்செல்வானாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி 2023 ஆகஸ்டு 25இல் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம். பிள்ளையின் பசியைப் பற்றியே பலரும் பேசினார்கள். ஏழு மணிக்குத் தறிக்கோ ஆலைக்கோ ஓடவேண்டிய தாயின் அடுப்படியில் அது மீட்டுத்தந்த அரைமணி நேரத்தையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

சொற்குழப்பத்தால் வரும் தீங்கு என்று முன்னால் சொன்னேன். குழந்தை உறங்கியும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மகிழ்ச்சி இல்லாவிட்டால், செத்துவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட அதைக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. அது நோய், மருத்துவம் உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். உடனே பேச வேண்டுமென்றால் 2022இல் தொடங்கப்பட்ட டெலிமனஸ் உதவி எண் 14416 இருக்கிறது. பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோவில் 1987இல் வகுத்த பத்துக் கேள்விகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டு வேலூரில் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளன. அவற்றில் முதல் கேள்வி, அந்தத் தாயால் வழக்கம்போல் சிரிக்க முடிகிறதா என்பது. நம் சகோதரி சந்தையருகே சிரித்ததை அதனால்தான் முதலிலேயே சொன்னேன். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே நாம் எதையாவது செய்ய வேண்டும்.

ஆகவே வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் கூட்டம் இரண்டாம் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது. பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்கவைக்கும் நேரம் அதுவே. நேரத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றலாம். பக்கத்து அறையில் இரண்டு பாய், ஒரு தூளி, கொஞ்சம் படப் புத்தகங்கள் வைக்கலாம். மாதம் இருவராக உறுப்பினர்கள் முறைவைத்து அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆண் உறுப்பினர்கள் தொடங்கட்டும். கூட்டத்தின் நடுவே குழந்தை அழுதால் கவிதை படிப்பவர் சற்று நிறுத்திவிட்டுத் தொடரட்டும். நம் கவிதைகளுக்கு அதனால் பெரிய நட்டம் வந்துவிடாது.

அடுத்த மாத முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சகோதரிக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இளையவனுக்கு யானைக் கதை என்றால் பிடிக்குமாம்.